தலை கணக்கில் உண்டு, குரல் கணக்கில் இல்லை

2020 அமெரிக்க அதிபர் தேர்தலில் டொனால்ட் டிரம்புக்கு அதிகம் பேர் வாக்களித்த மாநிலம் எது? டெக்சாஸ் என்பீர்கள், இல்லையென்றால் புளோரிடா என்பீர்கள். இரண்டும் இல்லை, கலிபோர்னியா. அங்கே 60 லட்சம் பேர் அவருக்கு வாக்களித்தார்கள். டெக்சாஸில் கிடைத்ததைவிட ஒரு லட்சத்துக்கும் மேல் கூடுதல். அத்தனை வாக்குக்கும் அவருக்குக் கிடைத்த பலன் பூஜ்யம். கலிபோர்னியாவில் முந்தியவர் பைடன் என்பதால் அந்த மாநிலத்தின் 55 தேர்வாளர்களும் பைடன் பக்கம் போனார்கள். டெக்சாஸில் பைடனுக்கு வாக்களித்த 52 லட்சம் பேருக்கும் இதே கதிதான். அங்கே 38 பேரும் டிரம்புக்கு.

ஏற்பாடு தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. அமெரிக்க மக்கள் அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் கீழவையில் எத்தனை இடமோ அத்தனை தேர்வாளர்கள், அதன்மேல் செனட்டுக்காக இரண்டு. தலைநகர் வாஷிங்டனுக்கு மூன்று. ஆக மொத்தம் 538. இதில் 270 எடுத்தவர் அதிபர். மேய்ன், நெப்ராஸ்கா என்ற இரண்டைத் தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும் ஒரு வாக்கு அதிகம் வாங்கினாலும் முழுக் கட்டும் அவருக்கே. இந்த 'முந்தியவனுக்கே முழுசும்' விதி அரசியல் சட்டத்தில் எங்குமே இல்லை என்பது வேடிக்கை. மாநிலங்கள் தத்தம் வசதிக்கு ஏற்படுத்திக்கொண்டது அது.

இதனால் 2000-இல் அல் கோர் நாடு முழுக்க 5 லட்சத்துக்கும் மேல் வாக்கு கூடுதலாக வாங்கித் தோற்றார். 2016-இல் ஹிலாரி கிளின்டன் 28 லட்சத்துக்கும் மேல் கூடுதலாக வாங்கித் தோற்றார். 1876-இலும் 1888-இலும் இப்படி நடந்திருக்கிறது. வயோமிங்கில் 1.92 லட்சம் பேருக்கு ஒரு தேர்வாளர், கலிபோர்னியாவில் 7.3 லட்சம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கையும் எல்லோரும் எழுதிவிட்டார்கள். அநியாயம்தான். ஆனால் இந்த முறையின் உண்மையான விஷம் அந்த விகிதத்தில் இல்லை.

விஷம் இருப்பது 1787-இல், பிலடெல்பியாவில். அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்தவர்களில் ஜேம்ஸ் வில்சன் என்பவர், அதிபரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார். ஜேம்ஸ் மேடிசனும் மக்கள் தேர்ந்தெடுப்பதுதான் சிறந்த வழி என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட கையோடு ஒரு சங்கடத்தையும் சொன்னார். வட மாநிலங்களில் வாக்குரிமை பரவலாக இருக்கிறது, தென் மாநிலங்களுக்கோ கறுப்பின மக்களின் கணக்கில் எந்தச் செல்வாக்கும் கிடைக்காது, ஆகவே தேர்வாளர்களை வைத்துத் தேர்ந்தெடுத்தால் ஆட்சேபம் குறையும் என்பது அவர் பேச்சின் சாரம். பச்சையாகச் சொன்னால், அடிமைகளுக்கு வாக்கு கிடையாது, ஆனால் அவர்களின் தலையெண்ணிக்கை எங்களுக்கு வேண்டும். அந்தத் தலையெண்ணிக்கைக்கு விலையும் பேசி முடித்திருந்தார்கள். ஓர் அடிமை ஐந்தில் மூன்று மனிதன்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1790 கணக்கெடுப்பில் வர்ஜீனியாவின் சுதந்திர மக்கள் ஏறத்தாழ 4.55 லட்சம், பென்சில்வேனியாவில் 4.31 லட்சம். கிட்டத்தட்ட சமம். பென்சில்வேனியாவுக்கு 15 தேர்வாளர்கள், வர்ஜீனியாவுக்கு 21. அந்த ஆறு பேர் எங்கிருந்து வந்தார்கள்? வர்ஜீனியாவின் புகையிலை வயல்களில் கிடந்த ஏறத்தாழ 2.93 லட்சம் அடிமைகளின் உடம்பிலிருந்து வந்தார்கள். அமெரிக்கக் குடியரசின் முதல் 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் அதிபர் நாற்காலியில் இருந்தவர்கள் வர்ஜீனியாக்காரர்கள். வாஷிங்டன், ஜெபர்சன், மேடிசன், மன்றோ நால்வரும் அடிமைகளை வைத்திருந்தவர்கள். தன்னைக் கட்டிவைத்திருப்பவனின் கையைத் தன் உடம்பாலேயே வலுப்படுத்த வேண்டும் என்ற கொடுமையை எந்தப் புராண நரகமும் யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை.

அடிமை முறை ஒழிந்ததும் இது தீர்ந்திருக்க வேண்டும் அல்லவா? மோசமானது. 1868-இன் 14-ஆவது திருத்தத்துக்குப் பிறகு கறுப்பின மக்கள் ஐந்தில் மூன்றாக அல்ல, முழு ஆளாக எண்ணப்பட்டார்கள். 1870-இல் அவர்களில் ஆண்களுக்கு வாக்குரிமையும் வந்தது. 1876 தேர்தலில் அதிக வாக்கு வாங்கியவர் டில்டன். 185-க்கு 184 என்று ஒரே தேர்வாளர் வித்தியாசத்தில் அதிபரானவர் ஹேய்ஸ். அந்தச் சச்சரவைத் தீர்த்த கையோடு தெற்கில் கறுப்பின மக்களைக் காத்து நின்ற படை விலகிக்கொண்டது. 1890-இல் மிசிசிப்பி, வாக்களிக்க வரி கட்டு, சட்டத்தைப் படித்துப் பொருள் சொல் என்று தன் அரசியல் சட்டத்தையே மாற்றி எழுதியது. மற்ற தென் மாநிலங்கள் பின்தொடர்ந்தன. மக்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவராக இருந்த மிசிசிப்பியில் அவர்கள் வாக்குச்சாவடிப் பக்கமே போக முடியவில்லை. ஆனால் தேர்வாளர் எண்ணிக்கைக்கு அவர்கள் அத்தனை பேரின் தலையும் சேர்ந்தது. வாக்கை மறுக்கும் மாநிலத்தின் இடங்களைக் குறைக்க வேண்டும் என்று 14-ஆவது திருத்தத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஒருமுறைகூட அப்படிக் குறைத்ததில்லை. 1965-இன் வாக்குரிமைச் சட்டம் வரை இந்த லாபம் ஓடியது.

மாநிலக் கணக்கு முறையின் குணமே இதுதான். பத்துப் பேர் உள்ள வீட்டில் ஒன்பது பேரின் வாயைப் பொத்தினாலும் வீட்டுக்குரிய பங்கு குறையாது. பொத்தியவன் அந்தப் பத்துப் பங்கையும் பேசுவான். நேரடி வாக்காக இருந்தால் வாயைப் பொத்திய மாநிலத்தின் குரல் அன்றைக்கே சிறுத்துப்போகும். வயோமிங் மாநிலமாகும் முன்பே, 1869-லேயே பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. நேரடித் தேர்தல் இருந்திருந்தால் அப்படிக் கொடுக்கும் மாநிலத்தின் பலம் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருக்கும், பக்கத்து மாநிலம் பொறாமையிலாவது தன் பெண்களுக்கு வாக்கு கொடுத்திருக்கும். மாநிலக் கணக்கில் அந்த நல்ல காரியத்துக்கு ஒரு தேர்வாளர்கூடக் கூடுதலாகக் கிடைக்காது.

இன்றைக்கும் இது நின்றுவிடவில்லை. 2000-இல் புஷ்ஷை அதிபராக்கியது புளோரிடாவில் 537 வாக்கு. சிறைத் தண்டனை முடித்து வெளியே வந்த பிறகும் வாக்குரிமை மறுக்கப்பட்டவர்கள் அன்றைக்கு அந்த மாநிலத்தில் பல லட்சம் பேர். அவர்களை வாக்குச்சாவடி வாசலில் நிறுத்தியவர்கள், மக்கள்தொகையில் மட்டும் சேர்த்துக்கொண்டார்கள். புளோரிடாவின் அன்றைய 25 தேர்வாளர்களில் அவர்கள் தலையும் இருந்தது. இன்னொரு கூத்து: போர்ட்டோ ரிக்கோவில் 32 லட்சம் பேர் இருக்கிறார்கள். 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். மாநிலம் இல்லை என்பதால் அதிபர் தேர்தலில் வாக்கு இல்லை. அங்கிருந்து புளோரிடாவுக்குக் குடிபோனால் வாக்கு வரும். நியூயார்க்காரர் ஒருவர் லண்டனில் போய்க் குடியிருந்தால் அங்கிருந்தே தபாலில் வாக்களிக்கலாம். தன் நாட்டின் கொடி பறக்கும் போர்ட்டோ ரிக்கோவில் குடியேறினால் அதிபருக்கு வாக்களிக்க முடியாது. மனிதன் அதே மனிதன், மண் மாறியதும் வாக்கு ஆவியாகிறது. மண்ணுக்கு வாக்கு, மனிதன் அதைத் தூக்கிவரும் கூலியாள் என்பதுதானே இதன் பொருள்?

சிறுபான்மையைக் காக்கவே இந்த ஏற்பாடு என்கிறார்கள். எந்தச் சிறுபான்மை? மக்களில் கறுப்பினத்தவரின் பங்கு அதிகமாக உள்ள மாநிலம் இன்றும் மிசிசிப்பிதான். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கிறார்கள். அந்த மாநிலம் கடைசியாக அந்தக் கட்சியின் பக்கம் சாய்ந்தது 1976-இல், ஜிம்மி கார்ட்டருக்கு. அதற்குப் பிறகு ஒவ்வொரு தேர்தலிலும் அவர்கள் வாக்கு மாநில எல்லைக்குள்ளேயே புதைந்துபோகிறது. வயோமிங்குக்குப் பசிக்காது, நோய் வராது, போலீஸ் அடிக்காது. பசிப்பதும் அடிபடுவதும் ஆட்கள். சிறிய மாநிலம் என்பது வேறு, எளிய மனிதர் என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது அறியாமை இல்லை, சாமர்த்தியம்.

சாமர்த்தியம் என்றதும் டிரம்ப் நினைவுக்கு வருகிறார். 2012 தேர்தல் இரவில், தேர்வாளர் குழு ஜனநாயகத்துக்கே பேரழிவு என்று ட்விட்டரில் பொங்கினார். 2016-இல் அதே குழு அவரைத் தூக்கி நாற்காலியில் வைத்ததும் அது மேதைமை நிறைந்த ஏற்பாடு ஆகிவிட்டது. அவரை மட்டும் கேலி செய்வது நியாயமில்லை. 2016-இல் தெருவில் இறங்கிக் கத்தியவர்களில் பலர் 2024-இல் டிரம்ப் நேரடி வாக்கிலும் முந்தியபோது இந்தப் பேச்சையே எடுக்கவில்லை. முன்பு 1969-இல் ஒருமுறை கீழவை 338-க்கு 70 என்ற கணக்கில் நேரடித் தேர்தலுக்கு ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு செனட்டில் ஸ்ட்ரோம் தர்மண்ட் போன்ற தென் மாநிலத்தார் பேசிப் பேசியே அதைக் கொன்றார்கள். மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு, நாடு முழுக்க அதிக வாக்கு வாங்கியவருக்கே தம் தேர்வாளர்களைக் கொடுக்கும் முயற்சி ஒன்றும் நடக்கிறது. 2024 ஏப்ரலில் மேய்ன் சேர்ந்தபோது 209 எட்டியது. தேவை 270.

இதுவரை தலையாட்டிக்கொண்டு படித்த தமிழ்நாட்டு வாசகரிடம் இனி ஒரு கேள்வி. நம் குடியரசுத் தலைவரையும் மாநிலக் கணக்கில்தானே தேர்ந்தெடுக்கிறோம்?

நம் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 176. உத்தரப்பிரதேச உறுப்பினருக்கு 208, சிக்கிம் உறுப்பினருக்கு 7. மாநில மக்கள்தொகையை உறுப்பினர் எண்ணிக்கையாலும் பிறகு ஆயிரத்தாலும் வகுத்து வருவது. எந்த ஆண்டின் மக்கள்தொகை? 1971. அன்றைக்கு உத்தரப்பிரதேசம் நம்மைப்போல் இரண்டு மடங்கு, 2011 கணக்கெடுப்பில் இரண்டே முக்கால் மடங்கு. அந்த முக்கால் மடங்குக்குரிய உயிருள்ள மனிதர்கள் இந்தக் கணக்கில் இல்லை. 1971-இல் எண்ணப்பட்டு இறந்துபோனவர்கள் இருக்கிறார்கள். மக்களவையில் நமக்கு 39 இடம் என்பதும் அதே 1971-இல் உறைந்த கணக்குதான்.

உடனே பதில் வரும்: குடும்பக் கட்டுப்பாட்டைச் செம்மையாகச் செய்தோம், அதற்குத் தண்டனையா? நிதிப் பங்கீட்டுக்கு இது அசைக்க முடியாத வாதம். அதிகாரப் பங்கீட்டுக்கும் நல்ல வாதம். வாக்கின் எடைக்கு? பீகாரில் நான்காவதாகப் பிறந்தவள் தன்னைப் பெறச் சொல்லி மனுப் போட்டாளா? அவள் பெற்றோர் செய்ததற்காக அவளுக்குப் பிறவியிலேயே எடைக் குறைவு, நம் பெற்றோர் செய்ததற்காக நமக்குப் பிறவியிலேயே எடைக் கூடுதல். பிறப்பால் மதிப்பு கூடும் குறையும் என்பதை எதிர்த்து 1925 முதல் சுயமரியாதை பேசிய மண்ணில் இருந்துகொண்டு இதை எந்த வாயால் சொல்வது? ஒருவேளை சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால், பயத்தால் சொல்கிறோம் என்று சொல்லலாம். அந்தப் பயம் நியாயமானது. தலைகளின் எண்ணிக்கை மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்யும் டில்லியை நினைத்தால் எனக்கும் பயம்தான்.

இலங்கையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். அங்கே 1982 முதல் ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். யாழ்ப்பாணத்து வாக்குக்கும் அம்பாந்தோட்டை வாக்குக்கும் ஒரே எடை. 2019-இல் வடக்கும் கிழக்கும் பெருவாரியாக எதிர்த்து வாக்களித்தும் கோத்தபய ராஜபக்ச 52.25 சதவீதத்தோடு வந்தார். அடுத்த ஆண்டே 20-ஆவது திருத்தம் போட்டுத் தன் கையில் அதிகாரத்தைக் குவித்துக்கொண்டார். யாழ்ப்பாணத்துக்காரரின் வாக்குக்கு ஒன்றரை எடை கொடுத்திருந்தாலும் கதை மாறியிருக்காது. மாற்றியிருக்கக்கூடியது, அந்த நாற்காலியால் யாழ்ப்பாணத்தை என்னென்ன செய்ய முடியாது என்று எழுதி வைத்த கறாரான பட்டியல்.

நமக்கும் அந்தப் பட்டியல்தான் தேவைப்பட்டது. கிடைத்தது வேறு. 1976-இன் 42-ஆவது திருத்தம்தான் 1971 கணக்கை உறைய வைத்தது. அதே திருத்தம்தான் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து உருவிப் பொதுப் பட்டியலில் போட்டது. ஒரு கையால் எடையைக் கொடுத்து மறு கையால் அதிகாரத்தைப் பிடுங்கிய பேரம் அது. இன்றும் நாம் காப்பாற்றத் துடிப்பது அந்த எடையைத்தான். கல்வியைத் திருப்பிக் கேட்கும் குரல் தொகுதி மறுவரையறைக் கூச்சலின் பாதிகூட இல்லை.

மருத்துவக் கல்விக்கான நீட் நுழைவுத் தேர்விலிருந்து விலக்குக் கேட்கும் மசோதாவைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2021 செப்டம்பரில் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பியதும் 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றியது. பிறகு அது குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குப் போனது. அதே ஆண்டு ஜூலை 18 அன்று, குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க அதே உறுப்பினர்கள் ஆளுக்கு 176 எடையோடு வரிசையில் நின்றார்கள். 234 இடத்துக்கும் சேர்த்து அவையின் மொத்த மதிப்பு 41,184. மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டது என்ற செய்தியை 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அதே அவையில் தெரிவித்தார்.