சொல்லத் தெரியாத பயணி

எல்கேஜி சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ‘பள்ளி வாகனம் தேவையா?’ என்று ஒரு கேள்வி இருக்கும். ரத்த வகையை எழுதவும் ஆதார் எண்ணைத் தேடவும் ஆகிற நேரம்கூட அதற்கு ஆவதில்லை. பள்ளி எவ்வளவு தூரம், வீட்டில் யார் எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும், பஸ் ஃபீஸ் கட்டுப்படியாகுமா என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடுகிறது. இவை எல்லாமே பெரியவர்களின் கணக்கு. வண்டியில் ஏறப்போகிற குழந்தையின் பக்கம் நின்று போட வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. அதைப் போடாமல் ‘ஆம்’ என்று எழுதுவது சரியா என்பதுதான் இங்கே கேள்வி.

எட்டு வயதுப் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிடும். டிரைவர் அண்ணா போனில் பேசிக்கொண்டே ஓட்டினார், ஏழாம் வகுப்பு அக்கா என் சீட்டைப் பிடுங்கிக்கொண்டாள், வண்டி வழியில் நின்றுவிட்டது என்று ஒன்று விடாமல் வந்து விழும். மூன்றரை வயதுக்கு அது முடியாது. யார் செய்தார், எப்போது செய்தார், எதற்குப் பிறகு எது நடந்தது என்று கோத்துச் சொல்லும் திறன் அந்த வயதில் இன்னும் கூடிவரவில்லை. ‘வேன் வேணாம்’ என்ற இரண்டு சொல்தான் அதன் முழுப் புகாரும். அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் இருப்பது வெறும் தூக்கக் கலக்கமாகவும் இருக்கலாம், யாரோ தினமும் தொடையில் கிள்ளுவதாகவும் இருக்கலாம். வீட்டில் இருப்பவர்கள் காலை ஏழரை மணி அவசரத்தில் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

பயண நேரத்தில் சின்னக் குழந்தைக்கு என்னவெல்லாம் நடக்கும் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பேருந்தின் முதல் படி அதன் முழங்காலுக்கு மேலே இருக்கிறது. முதுகில் பை, கழுத்தில் தண்ணீர் பாட்டில். இரண்டு கையையும் படியில் ஊன்றித் தவழ்ந்துதான் ஏற முடியும். ஆயாம்மா அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டால் உண்டு. இருக்கையில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. தரையில் கால் ஊன்றாத குழந்தை, வண்டி பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் முன்னால் வழுகும். மாலைத் திரும்பும் பயணத்தில் முதல் பத்து நிமிடத்திலேயே தூங்கிவிடும். ஜன்னல் கம்பியில் தலை இடித்துக்கொண்டே வரும். சிறுநீர் முட்டினால் சொல்லத் தயங்கும். சொன்னாலும் வண்டி நிற்காது. நனைந்த கால்சட்டையோடு இறங்கும் குழந்தையை மற்ற பிள்ளைகள் என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்பது வீட்டில் யாருக்கும் தெரியப்போவதில்லை.

தன்னால் பேச முடியாத ஒருவருக்காக முடிவெடுப்பவர், தனக்காக முடிவெடுக்கும்போது காட்டுவதைவிட அதிகக் கவனம் காட்டக் கடமைப்பட்டவர். மயக்கத்தில் கிடக்கும் நோயாளிக்காக அறுவை சிகிச்சைப் படிவத்தில் கையெழுத்திடுபவருக்கு இருக்கும் பொறுப்பு அது. தனக்கு எது சவுகரியம் என்பது அங்கே கேள்வியே இல்லை. ஆகவே பேருந்தா இல்லையா என்பதை வயதை மட்டும் வைத்தோ தூரத்தை மட்டும் வைத்தோ தீர்க்க முடியாது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வேலை இல்லாத ஒரு பெரியவர் அந்த வண்டிக்குள் இருக்கிறாரா? குழந்தை சொல்ல முடியாததைத் தானாகக் கண்டு சொல்கிற அந்த ஒருவர் இருந்தால் பேச்சைத் தொடரலாம். இல்லையென்றால் மழலையர் வகுப்புப் பிள்ளையை அந்த வண்டியில் ஏற்றுவது தவறு என்று தயங்காமல் சொல்லலாம்.

இது கடுமையான தீர்ப்பாகத் தோன்றலாம். உலகின் பல மூலைகளில் நடந்தவற்றைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. 2018 ஜூலையில் தென்கொரியாவின் தொங்துசொன் நகரில், குழந்தைகள் காப்பக வண்டியில் வந்த நான்கு வயதுக் குழந்தையை இறக்காமலே வண்டியைப் பூட்டிவிட்டார்கள். கொளுத்தும் வெயிலில் குழந்தை உள்ளேயே இறந்தது. 2022 செப்டம்பரில் கத்தாரில், கேரளக் குடும்பமொன்றின் நான்கு வயது மகள் அப்படியே இறந்தாள். அன்று அவளுக்குப் பிறந்தநாள். அதே மாதம் ஜப்பானின் மகினொஹாரா நகரில் மூன்று வயதுச் சிறுமி. மூன்று நாடு, மூன்று மொழி, நடந்தது ஒன்றேதான்: குழந்தை உள்ளேயே இருந்தது, யாரும் கடைசி வரிசைவரை நடந்து போய்ப் பார்க்கவில்லை. கொரியா அதன்பின் ஓர் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. வண்டியை நிறுத்தியதும் ஓட்டுநர் பின்கோடிவரை போய் அங்குள்ள பொத்தானை அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் எச்சரிக்கை ஒலிக்கும். ஜப்பான் 2023 ஏப்ரல் முதல் மழலையர் பள்ளி வண்டிகளில் இத்தகைய கருவியைக் கட்டாயமாக்கியது. கருவி வாங்கப் பணமில்லாத ஊரிலும் பின்வரிசைவரை ஒருமுறை நடந்து போகலாம். ஏப்ரல் வெயிலில் நிறுத்தப்பட்ட வண்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் ஊர் அனுபவம் வேறு வகையில் கசப்பானது. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே, ஓடிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கீழே விழுந்து, பின்சக்கரத்தில் சிக்கி இறந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனிச் சிறப்பு விதிகள் அந்த ஆண்டே வந்தன. உதவியாளர் கட்டாயம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம், ஆண்டுதோறும் பள்ளி திறக்குமுன் ஆய்வு என்பதெல்லாம் அதற்குப் பிறகு கெடுபிடியானவை. 2022 மார்ச்சில் சென்னை ஆழ்வார்திருநகரில், பள்ளி வளாகத்துக்குள்ளேயே, வேனை விட்டு இறங்கிய இரண்டாம் வகுப்புச் சிறுவன் மீது அதே வேன் ஏறியது. முன்னும் பின்னும் கேமரா, பின்னால் சென்சார் என்று அந்த ஆண்டு விதி திருத்தப்பட்டது. 2025 ஜூலை 8 அன்று கடலூர் செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அன்று முதல்தான் பல வீடுகளில் ‘வேன் எந்த வழியாகப் போகிறது?’ என்ற கேள்வியே எழுந்திருக்கும்.

இந்த ஒவ்வொரு விதியும் ஒரு குழந்தை இறந்த பிறகு எழுதப்பட்டது. இது அதிகாரிகள் மட்டும் வெட்கப்பட வேண்டிய செய்தியும் இல்லை. அந்த வண்டிகளில் ஏறி ஒருமுறையாவது உள்ளே நடந்து பார்த்த பெற்றோர் எத்தனை பேர் இருப்பார்கள்? தரை எப்படி இருக்கிறது, அவசரக் கதவு திறக்கிறதா, ஜன்னலுக்கு வெளியே கை நீட்ட முடியாதபடி குறுக்குக் கம்பி இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். பள்ளி அனுமதிக்காவிட்டால் அதுவே ஒரு பதில்.

பெரிய பேருந்து பாதுகாப்பானது என்ற எண்ணத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு எல்லா வயதுக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. அமெரிக்காவின் மஞ்சள் பள்ளிப் பேருந்துகள் உயரமான, மெத்தென்ற முதுகுச் சாய்வுள்ள இருக்கைகளை நெருக்கமாக அமைத்து, மோதலில் பிள்ளை முன்னிருக்கையிலேயே முட்டி நிற்கும்படி வடிவமைக்கப்பட்டவை. அப்படியிருந்தும் அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மழலையர் வயதுப் பிள்ளைகளை அவர்கள் உடலுக்கேற்ற தனிக் குழந்தை இருக்கையில் பட்டையிட்டுத்தான் பேருந்தில் கொண்டுபோக வேண்டும் என்றது. எடை குறைந்த சிறு உடலை அந்த ஏற்பாடு தாங்கிப் பிடிக்கப் போதாது என்பதே காரணம். நம் வேன்களில் பக்கவாட்டுப் பலகை பெஞ்சில் எட்டுப் பேரை நெருக்கி, மடியில் பையோடு உட்கார்த்திப் போகிறார்கள். ஒரு திடீர் பிரேக்கில் அங்கே யாரை யார் பிடிப்பது? சொந்த உபயோகத்துக்கென்று பதிவான பழைய ஆம்னி வண்டிகளில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவது ஊரறிந்த வழக்கம். அதில் உதவியாளரும் இல்லை, பள்ளியின் பொறுப்பும் இல்லை. விபத்து நடந்தால் ‘அது பெற்றோர் ஏற்பாடு செய்த வண்டி’ என்று பள்ளி கைகழுவிவிடும்.

‘இவ்வளவு சொல்வதற்கு நாங்களே பைக்கில் கொண்டுபோய் விட்டுவிடுகிறோம்’ என்பது அடுத்து வரும் பதில். அன்பினால் வரும் பதில்தான். ஆனால் அன்பு ஹெல்மெட் ஆகிவிடாது. பெட்ரோல் டேங்க் மேல் ஒரு பிள்ளை, நடுவில் ஒன்று, பின்னால் அம்மா, அப்பா தலையில் மட்டும் ஹெல்மெட் என்று போகும் வண்டிகளை எந்த ஊர்ப் பள்ளி வாசலிலும் காணலாம். ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயதுவரையுள்ள குழந்தையை இருசக்கர வாகனத்தில் ஏற்றினால், ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் அளவான ஹெல்மெட்டும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று ஒன்றிய அரசின் மோட்டார் வாகன விதி 2022-இல் திருத்தப்பட்டது. அந்தப் பட்டையைக் கண்ணால் பார்த்த பெற்றோர் குறைவு. தன் கைக்குள் இருப்பதால் குழந்தை பத்திரமாக இருக்கிறது என்று நினைப்பது பெற்றோரின் மன நிம்மதியைக் குறிக்கிறது. குழந்தையின் நிலையைக் குறிப்பதில்லை. ஒழுங்காக நடத்தப்படும், ஆயாம்மா உள்ள பள்ளிப் பேருந்து, ஹெல்மெட் இல்லாத பைக்கைவிட மேல் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. இந்த விஷயத்தில் பாசத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டால் தவறான முடிவுக்குத்தான் போவோம்.

இவ்வளவு கேள்விக்கும் முந்தைய கேள்வி ஒன்று பேசப்படாமலே போகிறது. மூன்றரை வயதுக் குழந்தை படிக்கப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஏன் போக வேண்டும்? எழுத்துகளின் பெயரும் நாலு பாட்டும் வண்ணம் தீட்டுவதும்தான் அந்த ஆண்டின் பாடம். இதற்காக விடியற்காலை எழுப்பி, பாதித் தூக்கத்தில் இட்லியைத் திணித்து, நாளுக்கு ஒன்றரை மணி நேரம் வண்டியில் உட்கார வைப்பதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம், ‘இப்போதே சேர்த்தால்தான் ஒன்றாம் வகுப்பில் சீட் கிடைக்கும்’ என்பது. அந்தக் கவலை உண்மையானதுதான். நல்ல பள்ளி என்று பெயரெடுத்தவை அப்படித்தான் நடந்துகொள்கின்றன. ஆனால் வருங்கால இடத்துக்கான முன்பதிவுக் கட்டணத்தைப் பெற்றோர் பணமாகக் கட்ட, குழந்தை தூக்கமாகவும் விளையாட்டு நேரமாகவும் கட்டுகிறது. தனக்குத் தெரியாத ஒன்றுக்காக, தன்னிடம் கேட்காமல், தன் நாளிலிருந்து எடுக்கப்படுகிற அந்த நேரத்துக்கு நியாயம் சொல்வது கடினம். நடந்து போகும் தூரத்தில் சுமாரான மழலையர் பள்ளி இருந்தால், இந்த இரண்டு மூன்று ஆண்டுக்கு அதுவே சரியான பள்ளி. 2019 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யூகேஜி வகுப்புகளைத் தொடங்கியது. அந்த வகுப்புகளை நன்றாக நடத்தி எண்ணிக்கையைப் பெருக்குவது கல்விக் கொள்கை மட்டுமல்ல, சாலைப் பாதுகாப்பு நடவடிக்கையும்கூட.

இப்படிச் சொல்லும்போது யாரை நோக்கிச் சொல்கிறோம் என்ற கவனம் வேண்டும். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குக் காலை எட்டரைக்குள் போய்ச் சேர வேண்டிய தாய்க்கு, கணவர் வெளியூரில், மாமியார் கிராமத்தில் என்றால், தெருமுனைக்கே வரும் பள்ளி வண்டி ஒன்றுதான் வழி. நடந்து போகும் தூரத்தில் பள்ளி இருந்தாலும், அது பன்னிரண்டு மணிக்கு விட்டுவிட்டால் அதன்பின் குழந்தை யாரிடம் இருக்கும்? அவரைப் பார்த்து, பெற்ற குழந்தையைவிட வேலை முக்கியமா என்று கேட்பது கொடுமை. அந்தச் சம்பளத்தில்தான் குழந்தை சாப்பிடுகிறது. வண்டியில் ஏற்றுவது தவறு என்று மேலே சொன்னதன் சுமை, வேறு வழி இருந்தும் ஏற்றுகிறவர்மேல்தான் முழுதாக விழுகிறது. வழியில்லாதவர் விஷயத்தில் அது பள்ளிமீதும் அரசின்மீதும் நகர்கிறது. அவர் கேட்க வேண்டியது ஒன்றுண்டு, அதற்கு அவருக்கு உரிமையும் உண்டு: வண்டியில் ஆயாம்மா இருக்கிறாரா, அவர் பெயர் என்ன, போன் நம்பர் என்ன.

அந்த ஆயாம்மாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முதல் டிரிப்புக்கு ஆறரை மணிக்கே வண்டியில் ஏறுகிறவர், இரண்டு டிரிப் முடித்துப் பள்ளியில் கழிப்பறைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போய், சாப்பாடு ஊட்டி, மாலையில் மறுபடி இரண்டு டிரிப் போகிறார். பள்ளியிலேயே மிகக் குறைந்த சம்பளம் வாங்குபவர்களில் ஒருவர். எந்தக் குழந்தை எந்த இடத்தில் தூங்கும், எதற்கு வாந்தி வரும், எதை மென்று துப்பும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். வகுப்பாசிரியரை மாதம் ஒருமுறை சந்தித்து மதிப்பெண் கேட்கிற பெற்றோர், அவரிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. குழந்தையின் பாதுகாப்பை ஒப்படைத்துவிட்டு அந்த மனிதரைக் கண்டுகொள்ளாமல் இருப்பது, குழந்தைக்குச் செய்கிற தவறும் அவருக்குச் செய்கிற தவறும் ஒன்றாகச் சேர்ந்தது. அவருக்கு உரிய ஊதியம் தரும் பள்ளியா என்று கேட்பதும் பேருந்துக் கேள்வியின் ஒரு பகுதிதான்.

ஏற்றுவதென்று முடிவெடுத்தாலும் அது ஒரு நாளில் முடிந்துபோகிற முடிவு இல்லை. முதல் வாரம் எல்லாக் குழந்தையும் அழும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு மாதம் சிரித்துக்கொண்டு போன குழந்தை திடீரென்று வண்டிச் சத்தம் கேட்டதும் ஒளிந்துகொண்டால், அந்த மறுப்பை விசாரிக்காமல் தூக்கி ஏற்றக் கூடாது. ஆயாம்மாவிடம் கேட்க வேண்டும், கூடப் போகும் பெரிய பிள்ளைகளிடம் கேட்க வேண்டும், ஒருநாள் வண்டியின் பின்னாலேயே போய்ப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் அன்றே நிறுத்த வேண்டும். இங்கே நடைமுறையில் ஒரு பெரிய முட்டுக்கட்டை இருக்கிறது: பல பள்ளிகள் ஜூனிலேயே ஆண்டு முழுவதற்குமான வாகனக் கட்டணத்தை வாங்கிவிடுகின்றன, இடையில் நின்றால் திருப்பித் தருவதில்லை. பல ஆயிரம் ரூபாய் கட்டிவிட்ட குடும்பம், குழந்தையின் அழுகையைப் பிடிவாதம் என்று நம்பவே விரும்பும். மழலையர் வகுப்புகளுக்காவது வாகனக் கட்டணத்தை மாதாமாதம் வாங்க வேண்டும், நிறுத்தினால் மீதியைக் கேள்வி கேட்காமல் திருப்பித் தர வேண்டும். கட்டண நிர்ணயக் குழு, கல்வித் துறை, பள்ளி நிர்வாகம் என்று யார் இதைச் செய்தாலும் சரி, அடுத்த சேர்க்கைக்குள் செய்யலாம்.