தண்ணீர்க் கடன்

பணத்தால் பட்ட கடனைப் பணத்தால் தீர்க்கலாம். பிறருடைய நீரைக் கெடுத்துப் பட்ட கடனை எதனால் தீர்ப்பது? பாலாற்றங்கரை எழுப்பும் இக்கேள்வி, வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு முதலிய ஊர்களில் தோல் தொழிலால் வாழ்வு பெற்ற நம் சமுதாயத்துக்கு அயலான கேள்வியன்று.

அத்தொழில் சாதி சமய வேறுபாடின்றி ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறிட்டது. கல்விக்கூடங்கள் எழத் துணை நின்றது. ஆனால் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட காலம் மாறிக் குரோமிய உப்பு வந்தது. தோல் அழுகாதிருக்கத் தூவிய கறியுப்போ, கழுவிய நீரோடு நிலத்தினுள் இறங்கியது. பாலாறு, ஆண்டின் பெரும்பகுதி மணலுக்கடியில் நீரை வைத்திருக்கும் ஆறு. மணலில் ஊற்றுத் தோண்டிப் பருகிய கரையோரத்தில் கிணறுகள் உவர்த்தன, பயிர்கள் கருகின.

1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், தோல் தொழிற்சாலைகள் நிறைந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியளவிலோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாயிற்று என்ற ஆய்வு எடுத்துக்காட்டப்பட்டது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியும் நிலைநாட்டப்பட்டது. 28 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், அதே நீதிமன்றம் பாலாற்றுக்காக மீண்டும் ஆணையிட நேர்ந்தது. இழப்பீட்டுத் தொகையால் மட்டும் ஆறு மீளாது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

“தொழில் நின்றால் ஏழையின் அடுப்பு அணையுமே” என்பர். மெய்தான். ஆயினும் உழவனின் அடுப்பை அணைத்துத்தான் தொழிலாளியின் அடுப்பு எரிய வேண்டுமா? அத்தொழிலாளியின் வீட்டுக் குடத்திலும் அந்த நீர்தானே இருக்கிறது! “ஈட்டியதில் அறமும் செய்தோமே” என்பர். ஈகை வேறு, கடன் வேறு. கடனைத் தீர்க்காத கை வழங்கும் கொடையால் கடன் குறைவதில்லை.

இறைவனுக்குச் செய்த குறையை அவன் மன்னிப்பான். மனிதனுக்கு இழைத்த தீங்கை அம்மனிதனே பொறுத்தாக வேண்டும் என்பது நம் மார்க்கம் போதிக்கும் நெறி. அண்டை வயலுக்குரியவனிடம் சென்று நாம் பொருத்தம் தேடலாம். இன்னும் பிறவாத அவன் பேரனிடம் யார் சென்று தேடுவது? பிறவாதவனால் மன்னிக்க இயலாது. ஆகவே நீர்க்கடனுக்கு மன்னிப்பு என்னும் வழி அடைபட்டிருக்கிறது. மீட்டுக் கொடுத்தல் என்னும் வழியே திறந்திருக்கிறது.

கழிவு மணலைத் தொடாமல் காப்பதும், உவர்த்த கிணற்றைத் தேற்றுவதும் தருமமல்ல, கடமை. ஓடும் ஆற்றருகே ஒளுச் செய்யும்போதும் நீரை வீணாக்கலாகாது என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம். ஆற்றையே வீணாக்கியபின் அந்த ஒளுவை எங்கே செய்வது?