மல்லாந்து உமிழாதீர்கள்

2021 நவம்பர் 15. ரஷ்யா தரையிலிருந்து ஓர் ஏவுகணையை ஏவி, தனக்குச் சொந்தமான காஸ்மோஸ் 1408 என்ற பழைய செயற்கைக்கோளை உடைத்தது. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெரிய துண்டுகள் சிதறின. சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த ஏழு பேரும் கதவுகளை அடைத்துவிட்டு, பூமிக்குத் திரும்புவதற்காக நிறுத்தியிருந்த கலங்களுக்குள் போய் ஒடுங்கிக்கொண்டார்கள். அந்த ஏழு பேரில் ஷ்காப்லெரோவ், துப்ரோவ் இருவரும் ரஷ்யர்கள். மல்லாந்து படுத்துக்கொண்டு உமிழ்வது என்பார்களே, அதை ஓர் அரசே செய்துகாட்டியது.

விண்வெளிப் படைப்பிரிவுகளில் பொறுப்பேற்றிருக்கிற, இனி ஏற்கப்போகிற அதிகாரிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். தரைப்படைக்கும் கடற்படைக்கும் நூற்றாண்டுகளின் பழக்கம் இருக்கிறது. எதைச் செய்யலாம், எது இழுக்கு என்று மூத்தவர்கள் சொல்லித் தருவார்கள். உங்களுக்கு அப்படி யாரும் இல்லை. இன்று நீங்கள் கைக்கொள்வதுதான் நாளை வருபவனுக்கு வழக்கம். ஆகவே இப்போதே கேளுங்கள்.

அமெரிக்கா 2019 டிசம்பரில் விண்வெளிப் படையைத் தனிப்படையாக்கியது. அடுத்த ஆண்டு அக்டோபரில் அதன் களக் கட்டளையகமான ஸ்பேஸ் ஆபரேஷன்ஸ் கமாண்ட், கொலராடோவின் பீட்டர்சன் தளத்தில் தொடங்கியது. வேலைகளை டெல்டா என்ற பிரிவுகளாகப் பங்கிட்டார்கள். வானில் எது எங்கே போகிறது என்று பார்க்க ஒன்று. ஏவுகணை எச்சரிக்கைக்கு ஒன்று. மின்காந்தப் போர், இணையப் பாதுகாப்பு, உளவு, தகவல்தொடர்பு என்று தனித்தனியே சில. சுற்றுப்பாதைப் போருக்கென்றே ஒன்பதாம் டெல்டா. போர் என்ற சொல் ஒட்டிய பிரிவுக்குத்தான் இளைஞர்கள் முண்டியடிப்பார்கள். எனக்கென்னவோ அந்தக் கட்டளையகத்தின் மானம் கண்காணிப்பு அறையில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

கலிபோர்னியாவின் வான்டன்பர்க் தளத்தில் பதினெட்டாம் ஸ்குவாட்ரன் அந்த வேலையைச் செய்கிறது. பல்லாயிரம் பொருள்களின் பாதையைக் கணக்கிடுவது அவர்கள் பொறுப்பு. எது எதன்மேல் மோதக்கூடும் என்று பார்ப்பதும் அந்தக் கணக்கை வைத்துத்தான். 2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேலே 790 கிலோமீட்டர் உயரத்தில் இரிடியம் 33 என்ற அமெரிக்கத் தனியார் செயற்கைக்கோளும், செயலிழந்து கிடந்த காஸ்மோஸ் 2251-உம் மோதி நொறுங்கின. முன்னெச்சரிக்கை எதுவும் போகவில்லை. முக்கியமென்று கருதிய சிலவற்றுக்கு மட்டுமே அன்று முறையாக மோதல் கணக்குப் பார்த்துவந்தார்கள். அந்த அடிக்குப் பிறகுதான் இயங்கும் செயற்கைக்கோள்கள் அனைத்துக்கும் பார்க்கத் தொடங்கினார்கள். இன்று ஆபத்து நெருங்கினால் சீனருக்கும் தகவல் போகிறது, ரஷ்யருக்கும் போகிறது. 2007-ல் சீனா தன் ஃபெங்யுன் வானிலைக்கோளை உடைத்தபோது சிதறிய மூவாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளில் ஒன்று இன்னொரு சீனக் கோளை நெருங்கினாலும் சொல்வார்கள். ஆகவே முதலாவது, எதிரிக்குச் சொல்லும் இந்த எச்சரிக்கையை எந்தப் பகையிலும் நிறுத்தாதீர்கள். அவன் கோள் உடைந்தால் துண்டுகள் கொடி பார்த்துப் பறக்காது.

அமெரிக்காவைத் தூக்கிவைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1985-ல் ஒரு போர்விமானத்திலிருந்து ஏவுகணை விட்டு, தன்னுடைய சோல்விண்ட் ஆய்வுக்கோளை உடைத்த நாடும் அதுதான். 1962-ல் பசிபிக்குக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் அணுகுண்டு வெடித்து, பிரிட்டனின் ஏரியல் உட்படப் பல செயற்கைக்கோள்களைப் பாழாக்கியதும் அதுவே. தன் உளவுக்கோள்களின் பாதையை இன்றும் பொதுப்பட்டியலில் வெளியிடுவதில்லை. நல்ல பழக்கத்தை யாரிடமிருந்தும் எடுத்துக்கொள்ளலாம், மற்றதை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, உங்கள் திரையை நீங்களே சந்தேகியுங்கள். 1979 நவம்பரில், கொலராடோவின் செயென் மலைக்குள் இருந்த எச்சரிக்கை மையத்தில், பயிற்சிக்காகத் தயாரித்த தாக்குதல் காட்சி உண்மையான எச்சரிக்கையாகத் திரைகளில் ஓடியது. ஏழு மாதம் கழித்து மறுபடியும் பொய் எச்சரிக்கை. அதற்குக் காரணம் பழுதான ஒரு சில்லு. விலை 46 சென்ட். 1983 செப்டம்பரில் சோவியத்தின் செர்புகோவ்-15 மையத்தில் பணியிலிருந்த பெத்ரோவ் என்ற அதிகாரியின் முன்னால், அமெரிக்கா ஐந்து ஏவுகணைகளை ஏவிவிட்டதாகச் செயற்கைக்கோள் காட்டியது. வெறும் ஐந்தைக் கொண்டு யாராவது போர் தொடங்குவார்களா என்று யோசித்து, இது பொய் என்று மேலே சொன்னார். மேகத்தில் பட்ட வெயிலைத்தான் கருவி நெருப்பாக எடுத்துக்கொண்டிருந்தது. அவருக்குக் கிடைத்த வெகுமதி, பணிக்குறிப்பேட்டைச் சரியாக எழுதவில்லை என்ற கண்டிப்பு! இந்த அநியாயத்தை உங்கள் பிரிவில் நடக்கவிடாதீர்கள். “ஐயா, இது சரியாகப் படவில்லை” என்று சொல்லும் இளநிலை அதிகாரியைக் கையமர்த்திவிட்டால், அடுத்த முறை அவர் வாய் திறக்க மாட்டார்.

எச்சரிக்கை உண்மையாக இருக்கும்போது அதன் அருமை தெரியும். 2020 ஜனவரியில் இராக்கின் அல் அசாத் தளத்தின்மேல் ஈரான் ஏவுகணைகளை விட்டபோது, கொலராடோவின் பக்லி தளத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அதைச் செயற்கைக்கோள் வழியாகப் பார்த்துச் சொன்னார்கள். பலருக்கு மூளையதிர்ச்சி ஏற்பட்டது; உயிர்ப்பலி இல்லை. ஒரு குண்டும் சுடாமல் உயிர்களைக் காத்த வேலை அது.

உங்கள் கை நடுங்கினால் பாதிக்கப்படுவது படை மட்டுமல்ல என்பதையும் மறக்காதீர்கள். 2016 ஜனவரியில் அமெரிக்கப் படை இயக்கும் ஜி.பி.எஸ். கோள்களில் சில, நேரத்தை ஒரு நொடியில் பத்து லட்சத்தில் 13 பங்கு தவறாகச் சொல்லின. அவ்வளவுதான். பல நாடுகளின் தொலைத்தொடர்புக் கருவிகள் அலறின. பிரிட்டனில் டிஜிட்டல் வானொலி தடுமாறியது.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். பெங்களூரில் இந்தியாவின் பாதுகாப்பு விண்வெளி முகமை இருக்கிறது. 2019 மார்ச் 27 அன்று நாமும் மைக்ரோசாட்-ஆர் என்ற நம் கோளையே ஏவுகணையால் உடைத்தோம். ஏறக்குறைய 300 கிலோமீட்டர் உயரம்தான், குப்பை 45 நாளில் விழுந்துவிடும் என்றார்கள். சில துண்டுகள் விண்வெளி நிலையத்தையும் தாண்டி மேலேறின; ஆண்டுக்கணக்கில் சுற்றின. தாழ்வாக உடைத்ததால் ரஷ்யா, சீனா அளவுக்குக் கேடில்லை, உண்மை. அதைச் சொல்லியே எத்தனை நாள் ஓட்டுவது? இனி இப்படி ஏவுகணை விட்டு உடைத்துச் சோதிக்க வேண்டாம் என்று 2022 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் வந்தபோது 155 நாடுகள் ஆதரித்தன, 9 எதிர்த்தன. இந்தியா இரண்டு பக்கமும் சேராமல் ஒதுங்கிக்கொண்டது. நம்மிடம் திறமை உண்டு என்பதை 2019-லேயே உலகம் பார்த்துவிட்டது. மறுபடி காட்ட வேண்டியது எதுவுமில்லை.

வாக்களிப்பது வெளியுறவுத் துறை. ஆனால் அவர்கள் கேட்பது உங்கள் கருத்தைத்தான். உடைத்துச் சோதிப்பதைக் கைவிடுகிறோம் என்று இந்தியா தானாகவே அறிவிக்கலாம், அதனால் நம் பாதுகாப்புக்குக் குறைவில்லை என்று கோப்பில் எழுதி, பெயர் போட்டுக் கையெழுத்திடுங்கள். இன்னொரு நாடு இன்னொரு கோளை உடைக்கும்வரை காத்திருக்காமல், இந்த ஆண்டே எழுதுங்கள்.