ஸ்பானர் பிடித்த கையும் துடைப்பம் பிடித்த கையும்

நாக்பூரிலோ மைசூரிலோ ஜாம்ஷெட்பூரிலோ, முற்றமும் ஒரு வேப்பமரமும் உள்ள வீடு ஒன்றை மனத்தில் கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டுத் தலைவர் ஐம்பது வயதை நெருங்குகிறவர். வாரம் முழுவதும் அலுவலகக் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவர். இன்று பொழுது புலருமுன்பே எழுந்துவிட்டார். பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து, தந்தையார் விட்டுச்சென்ற புல்லட் மோட்டார் சைக்கிளின் பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசையாக அடுக்குகிறார். சிறு திருகுகள் ஒரு கிண்ணத்தில். வாஷர்கள் மற்றொரு கிண்ணத்தில். பக்கத்தில் வைத்த காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. அதை அவர் அறியார்.

பங்குனி மாதமாதலால் வேப்பமரம் இலைகளை உதிர்த்துக்கொண்டிருக்கிறது. முற்றம் முழுவதும் சருகு. குளியலறை நீர் வெளியேறும் வாய்க்காலும் அடைத்துக்கொண்டு, கிணற்றடிவரை நீர் தேங்கி நிற்கிறது. மனைவி சமையலறையில் இருக்கிறார். "தண்ணீர் போகவில்லையப்பா, வாய்க்காலைக் கொஞ்சம் பார்" என்கிறார் வயதான தாயார். "இதோ வருகிறேன் அம்மா" என்று பதில் வருகிறது. அந்த 'இதோ' ஒன்பது மணிக்கும் வருகிறது, பதினொரு மணிக்கும் வருகிறது. கடைசியில் எழுபத்தைந்து வயது மூதாட்டி, முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு, சுவரைப் பற்றியபடி குனிந்து துடைப்பத்தை எடுக்கிறார்.

இந்த மகனைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. காலை முதல் அவர் ஒரு கணமும் ஓய்ந்திருக்கவில்லை. தாயிடம் அன்பில்லாதவரும் அல்லர். அப்படியானால் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியைக் கண்டுபிடிக்கும் அதே கண்ணுக்கு, பத்தடி தூரத்தில் தேங்கி நிற்கும் நீர் ஏன் தென்படவில்லை? கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் மனிதனின் கவனம் எதற்குக் கட்டுப்பட்டது என்ற பெரிய கேள்வி இதற்குள்தான் ஒளிந்திருக்கிறது.

முதலில் அந்த மோட்டார் சைக்கிளுக்கு நியாயம் செய்துவிட வேண்டும். 'ஓடாத வண்டியை நோண்டிக்கொண்டு பொழுதைப் போக்குகிறான்' என்று ஏளனம் செய்வோர் உண்டு. அவர்கள் அந்த வேலையை ஒருமுறையேனும் அருகிலிருந்து பார்த்ததில்லை. இங்கிலாந்தில் பிறந்த புல்லட், 1955ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தது. அதன் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் முரட்டுப் பலத்துக்குப் பணிவதில்லை. அதைக் கிளப்புவதற்கே ஒரு முறை உண்டு. சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்தி, அம்மீட்டரின் முள் நடுவுக்கு வரும் கணத்தைக் கண்டுகொள்ள வேண்டும். பிறகு டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் சிறிது நகர்த்த வேண்டும். லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்போதுதான் முழுமூச்சாக ஓர் உதை. பொறுமையற்றவன் பத்து முறை உதைத்துக் கணுக்காலைப் புண்ணாக்கிக்கொள்வான். அறிந்தவனுக்கு ஓர் உதை போதும்.

டேப்பெட் சரிசெய்வது இன்னும் நுட்பமானது. எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். புஷ்ராடு மேலும் கீழும் ஆடக்கூடாது. ஆனால் விரலால் சுழற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையை எந்த அளவுகோலும் காட்டாது. விரல் நுனிதான் அறியும். அங்கே அவசரம் செல்லாது, வாய்ஜாலமும் செல்லாது. அலுவலகத்தில் தவற்றைப் பிறர் தலையில் ஏற்றிவிடலாம். இயந்திரத்திடம் அது நடவாது. ஒரு வாஷரை மறந்தால் மறுநாள் காலையில் வண்டியின் அடியில் எண்ணெய் சொட்டி, மறதிக்குச் சாட்சி சொல்லும். வாரம் ஒருநாள் இப்படி உண்மையோடு நேருக்குநேர் உட்காருவது ஒரு மனிதனுக்குச் செய்யும் நன்மை சாதாரணமானதன்று.

அமெரிக்கரான ராபர்ட் பிர்சிக் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' என்ற நூல் இந்த அனுபவத்தை அடித்தளமாகக் கொண்டது. 1968ஆம் ஆண்டுக் கோடையில் தம் மகனைப் பின்னால் அமர்த்திக்கொண்டு அவர் மேற்கொண்ட நெடும்பயணத்திலிருந்து பிறந்த நூல் அது. தம் வண்டியைத் தாமே பழுதுபார்த்துக்கொள்பவர் அவர். உடன்வந்த நண்பரோ தம் உயர்ரக வண்டியின் உள்விவரங்களை அறியவே விரும்பாதவர். இந்த இருவரின் வேறுபாட்டிலிருந்து, வேலையின் தரம் என்பது என்ன என்ற விசாரணை விரிகிறது. பழுதுபார்ப்பவனின் மனநிலை வேலையில் வந்து படியும் என்பது அந்நூலைப் படித்தவர்களுக்கு மறக்காது.

ஆயினும் ஒன்றைக் கவனிக்கலாம். ஜென் என்ற சொல்லோடு மோட்டார் சைக்கிளை இணைத்தது அந்த நூல். ஜப்பானிய ஜென் மடங்களில் துறவிகளின் கையில் நாள்தோறும் இருக்கும் கருவியோ துடைப்பம். இலை கூட்டுதல், தரை துடைத்தல், களை பறித்தல் ஆகியவற்றை அங்கே 'சாமு' என்பார்கள். தியானத்துக்கு இணையான சாதனையாகவே அவற்றைக் கருதுகிறார்கள். சுவை மிகுந்த வேலையை விட்டு, சுவையற்ற வேலையை அவர்கள் சாதனையாக வைத்தது ஏன்?

மோட்டார் சைக்கிள் வேலைக்கு ஒரு முடிவு உண்டு. மாலையில் எஞ்சின் உறுமும்போது அது முடிகிறது. தெருவில் போகிறவர் நின்று, 'அருமையான சத்தம்!' என்கிறார். செய்தவனின் திறமை அதில் முத்திரையாக விழுகிறது. முற்றம் கூட்டுவதற்கு முடிவே இல்லை. கூட்டி முடித்துத் திரும்புவதற்குள் பத்து இலைகள் உதிர்கின்றன. நன்றாகச் செய்தால் அது கண்ணுக்கே தெரியாது. செய்யாவிட்டால் மட்டுமே தெரியும். அடைபடாத வாய்க்காலைப் பார்த்து யார் பாராட்டுவார்கள்?

இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்ல நாம் கூச்சப்படுகிறோம். கிரீஸ் படிந்த கை ஆணுக்கு அழகு என்று எண்ணப்படுகிறது. துடைப்பமோ நம் நாட்டில் நெடுங்காலமாகப் பெண்ணின் கையிலும், சமூகம் தாழ்த்தி வைத்தவரின் கையிலும் மட்டுமே விடப்பட்டது. ஆகவே, மகனின் கண்ணுக்கு அந்த நீர் தென்படாததற்குக் கண் காரணமன்று. 'அது என் வேலையன்று' என்ற எண்ணம், எண்ணமாகக்கூட வெளிப்படாமல், பார்வையின் மேல் திரையாகத் தொங்குகிறது. மத்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதற்குச் செலவிடும் நேரம் சராசரியாக 299 நிமிடங்கள். ஈடுபடும் ஆண்களின் நேரம் 97 நிமிடங்கள். அந்த ஆய்வு பின்பற்றிய சர்வதேச வகைப்பாட்டில், சொந்த வாகனத்தைப் பழுதுபார்ப்பதும் வீட்டு வேலைக் கணக்கிலேயே சேரும் என்பதை இங்கே புன்னகையோடு நினைவுகொள்ளலாம். நம் புல்லட் அன்பர் ஆய்வாளரிடம் பெருமையாகவே பதில் சொல்லியிருப்பார்.

காந்தியடிகளின் வாழ்க்கையில் இந்த இரண்டு வகை வேலைகளும் சந்திக்கின்றன. தென்னாப்பிரிக்காவில், 1910இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில், செருப்புத் தைக்கும் தொழிலை விரும்பிக் கற்றவர் அவர். சிறையில் தாம் தைத்த ஒரு ஜோடிச் செருப்பை, 1914இல் அந்நாட்டை விட்டுப் புறப்படும்போது தம்மைச் சிறையிலிட்ட ஸ்மட்ஸுக்கே பரிசாக அனுப்பினார். அது பாராட்டுப் பெற்ற கைவேலை. ஆனால் அதற்கு முன்பே, 1901ஆம் ஆண்டு கல்கத்தா காங்கிரசில், கழிப்பிடங்கள் நாறிக்கிடந்ததைக் கண்டு தொண்டர்களிடம் சொன்னார். அது துப்புரவாளரின் வேலை என்று அவர்கள் கைவிரித்தார்கள். அவர் ஒரு துடைப்பத்தைத் தேடி வாங்கித் தாமே சுத்தம் செய்தார். தம் தேவைக்கு மட்டுமே தம்மால் அதைச் செய்ய முடிந்தது என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

இதனினும் கூர்மையான பாடம் 1898ஆம் ஆண்டு டர்பன் வீட்டில் நிகழ்ந்தது. விருந்தினராகத் தங்கியிருந்த எழுத்தர் ஒருவரின் இரவுக் கலத்தைச் சுத்தம் செய்வதைக் கஸ்தூரிபா மனமின்றி, கண்ணீரோடு செய்தார். காந்தியடிகளுக்கு அது போதவில்லை. மகிழ்ச்சியோடு செய்யவேண்டும் என்று சினந்து, மனைவியைக் கையைப் பிடித்து வாயிற்கதவுவரை இழுத்துச் சென்றார். பின்னாளில் சுயசரிதையில் வெட்கத்தோடு இதைப் பதிவு செய்தார். எவ்வளவு உயர்ந்த கொள்கையானாலும், அதைப் பிறர் கையால் நிறைவேற்ற முனையும்போது கொடுமையாகிவிடுகிறது. 'உழைப்பே வழிபாடு' என்று கூடத்தில் எழுதி மாட்டிவிட்டு, அந்த வழிபாட்டை வீட்டுப் பெண்களிடம் ஒப்படைத்துவிடும் வீடுகள் இன்றும் குறைவல்ல. தவறு செய்த சிறுவனுக்குத் துடைப்பத்தைத் தண்டனையாகக் கொடுக்கும் பெரியவர்களையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். எதைத் தண்டனையாகப் பெற்றானோ அதை அவன் வாழ்நாள் முழுவதும் இழிவாகவே எண்ணுவான்.

'விரும்பியதை நாம் செய்வோம். மற்றதைக் கூலி கொடுத்துச் செய்விப்போம். அதனால் ஓர் ஏழைக்கு வேலை கிடைக்குமே' என்ற வாதம் எழக்கூடும். அதில் உண்மை இல்லாமலில்லை. கூலி கொடுப்பது குற்றமன்று. ஆனால் ஒருநாளேனும் தானே கூட்டிப் பார்த்தவன் கொடுக்கும் கூலி வேறு; கூட்டிப் பார்க்காதவன் கொடுக்கும் கூலி வேறு. குட்டைத் துடைப்பத்தோடு அரைமணி நேரம் குனிந்திருந்தவனுக்கு இடுப்பு சொல்லும் செய்தி மறுநாளும் மறக்காது. அவன் பணிப்பெண்ணுக்கு நீண்ட பிடி வைத்த துடைப்பம் வாங்கித் தருவான். அவள் கூட்டிய இடத்தில் அலட்சியமாகக் காகிதத்தை எறியமாட்டான்.

இனி, எஞ்சினிடம் கொண்ட ஈடுபாட்டை முற்றத்துக்குக் கொண்டுவர இயலுமா? 'இன்றுமுதல் இதையும் விரும்புகிறேன்' என்று சங்கல்பம் செய்வதால் விருப்பம் வந்துவிடாது. உற்று நோக்கினால் ஒருவேளை வரலாம். முற்றம் கூட்டுவதிலும் நுட்பங்கள் மறைந்துள்ளன. காற்று வரும் திசைக்கு எதிராகக் கூட்டினால் சருகு முகத்தில்தான் விழும். தண்ணீர் தெளித்தால் புழுதி அடங்கும். அளவு மிஞ்சினால் இலை மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். வாய்க்காலை எப்போதும் நீர் வெளியேறும் முனையிலிருந்து தோண்டிவர வேண்டும். மேலிருந்து தோண்டினால் சேறு கீழே போய் மீண்டும் அடைக்கும். மழை பெய்து மண் நெகிழ்ந்த மறுநாளில் களை வேரோடு வரும். கோரைப்புல் மட்டும் அப்போதும் ஏமாற்றும். தலை கையோடு வந்துவிட, கிழங்கு மண்ணுக்குள் நின்று பத்தே நாளில் மீண்டும் முளைக்கும். அதற்குக் களைக்கொத்தால் ஆழத் தோண்ட வேண்டும். கூட்டிய சருகைக் கொளுத்தித் தெருவெல்லாம் புகையைப் பரப்புவது எளிது. ஒரு மூலையில் குழி எடுத்து, சாணக் கரைசல் தெளித்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால், மார்பளவு குவியல் சில மாதங்களில் முழங்காலளவு கரிய எருவாகிறது. டேப்பெட்டைச் சரிசெய்யும் விரலுக்கு இவற்றில் கற்றுக்கொள்ள ஏதுமில்லையா?

இருந்தாலும், இவ்வளவு நுட்பம் கண்டபிறகும், சில நாட்களில் எந்தச் சுவையும் தோன்றாது. வெயில் சுடும், முதுகு வலிக்கும், இலை உதிர்ந்துகொண்டே இருக்கும். கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் தியாகியின் இலக்கணத்தைச் சொல்லுமிடத்தில், அவன் இனிமையற்ற செயலை வெறுப்பதுமில்லை, இனிய செயலில் ஒட்டிக்கொள்வதுமில்லை என்ற கருத்தை வைக்கிறது. பெரும்பாலோர் இதன் முதற்பாதியை மட்டுமே தமக்குரிய சோதனையாக எண்ணுகிறார்கள். அந்தப் புல்லட் அன்பருக்கு இரண்டாம் பாதிதான் கடினமானது. கார்புரேட்டர் பாதி கழன்று கிடக்கும்போது, எந்தத் திருகு எங்கே என்று மனம் தெளிவாக இருக்கும் அந்தக் கணத்தில், ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு எழுவது, நாள் முழுவதும் முற்றம் கூட்டுவதைவிடப் பெரிய செயலாக இருக்கலாம். வேலையில் தன்னை மறந்திருந்ததாக அவர் நினைக்கிறார். உண்மையில் மறந்தது தன்னையா, தாயையா என்பது, எழச்சொன்னால் மனம் எவ்வளவு சினக்கிறது என்பதைக்கொண்டே தெரியும்.

துடைப்பம் தரையில் உரசும் ஓசை அவர் காதில் இப்போதுதான் விழுகிறது. சற்று நிற்கிறது, பெருமூச்சு ஒன்று, மீண்டும் உரசுகிறது. அவர் திரும்பிப் பார்க்கிறார். கார்புரேட்டரின் வாயைத் துணியால் மூடிவிட்டு, எழுந்து முற்றத்தில் இறங்கி, துடைப்பத்துக்காகக் கையை நீட்டுகிறார்.

தாயார் நிமிர்ந்து அவரது விரல்களைப் பார்க்கிறார். "முதலில் கையைக் கழுவிவிட்டு வா அப்பா. பிடியெல்லாம் கறையாகிவிடும்."