அடிக்கோடு போட்ட இடம்

"அக்கா, ஐஓ ஸ்ட்ரிங்ல இருந்து ஸ்ட்ரிங்கை மட்டும் எப்படிக்கா வெளிய எடுக்கிறது?"

ஹாஸ்கல் நிரல்மொழி கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே முட்டிக்கொள்ளும் இடம் இது. யாரிடமாவது பெயரைக் கேட்டு வாங்கி, 'வணக்கம்' என்ற சொல்லோடு ஒட்டி அச்சிட வேண்டும். தம்பிக்கு அவ்வளவுதான் தேவை. பெயர் வாங்கும் கெட்லைனை நேராக ஒட்டிப் பார்த்தான். வகை பொருந்தவில்லை என்று கம்பைலர் மறுத்துவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் இதையே கேட்டபோது, வேலை அவசரத்தில் 'அன்சேஃப்பெர்ஃபார்ம்ஐஓ' என்பதைக் காட்டிக் கொடுத்தேன். கேட்டதை அது அப்படியே செய்யும். ஆனால் ஹாஸ்கலில் பெயரிட்டு வைத்த மதிப்பு, தேவைப்படும்போது ஒரு முறை கணக்கிடப்படும். பிறகு அதுவே நிற்கும். இரண்டு பேரின் பெயரைக் கேட்க வேண்டிய அவளுடைய நிரல், ஒருமுறை கேட்டுவிட்டு இரண்டு இடத்திலும் அதே பெயரை அச்சிட்டது. ஒரு நாள் முழுக்க அவள் தன்னிடமே தவற்றைத் தேடிக்கொண்டிருந்தாள். கேள்விக்கு விடை கொடுத்துவிட்டுக் கேட்டவளைக் கைவிட்டிருக்கிறேன். இன்றும் உறுத்துகிறது.

பிளேட்டோவின் 'மெனோ' உரையாடலில் சாக்ரடீஸுக்கு ஒரு சிக்கல் வைக்கப்படுகிறது: முற்றிலும் தெரியாத ஒன்றை எப்படித் தேடுவது? எதிரே வந்தாலும் அதுதான் என்று எப்படி அறிவது? ஆன்மா முன்பே அறிந்ததை நினைவுகூர்கிறது என்பது சாக்ரடீஸின் விடை. அதில் எனக்கு உடன்பாடில்லை. தெரியாததற்கும் ஒரு வடிவம் உண்டு, பொருளை அறியும் முன்பே வடிவத்தை அறியலாம் என்று நான் கற்றது கம்பைலரிடம். 2014இல் வந்த ஜிஎச்சி 7.8 என்ற ஹாஸ்கல் கம்பைலர் முதல், என்ன எழுதுவதென்று தெரியாத இடத்தில் அடிக்கோடு ஒன்றைப் போட்டுவிட்டால் போதும். அங்கே எந்த வகை பொருந்தும், பக்கத்தில் எந்தெந்தப் பெயர்கள் இருக்கின்றன என்று அதுவே சொல்லும்.

ஆகவே தம்பியிடம், கெட்லைனை அழித்துவிட்டு அங்கே அடிக்கோடு போடச் சொன்னேன். 'எழுத்துகளின் பட்டியல்', அதாவது ஸ்ட்ரிங், வேண்டும் என்று வந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ கெட்லைன் ஸ்ட்ரிங்கா, வேற ஏதாவதாக்கா?"

நன்னூல் சொல்லும் ஆறு வினாக்களில், தெரியாமல் கேட்கும் அறியா வினா வேறு, இதுவா அதுவா என்று கேட்கும் ஐய வினா வேறு. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இரண்டும் ஒன்றாகவே பட்டன. அன்று ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அவன் கடந்து வந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

"கெணத்துக்குப் போய் ஒரு குடம் தண்ணி கொண்டு வான்னு சொல்றோம். அந்தச் சொல்லைப் பிழிஞ்சா தண்ணி வருமா?" என்றேன். போய்வர வேண்டும், வந்ததைப் பாத்திரத்தில் வாங்க வேண்டும். 'டூ' என்று தொடங்கி, இடப்பக்கம் நோக்கும் அம்புக்குறியால் 'நேம்' என்பதில் வாங்கி வைத்தான். அடிக்கோட்டை அப்படியே விட்டு மறுபடி கம்பைல் செய்தான். இம்முறை கம்பைலர் காட்டிய பெயர்களில் 'நேம்' இருந்தது.

"வெளிய எடுக்கவே வேண்டாமாக்கா?"

அடிக்கோட்டின் இடத்தில் அதை எழுதி ஓட்டினான். பெயர் கேட்டபோது தன் பெயரை விட்டுவிட்டு என்னுடையதைத் தட்டினான்.