அலகும் அளவையும்: வீட்டில் கற்கும் பிள்ளையின் முதல் விளக்கக் கட்டுரை

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் கருத்து விளக்கக் கட்டுரை என வழங்குவது, எழுதுவோர் ஒரு பொருளைப் பற்றிக் கொண்ட கருத்தை, அதை முன்பின் அறியாதவரும் தொடர்ந்து வரும்படி காரணத்தோடும் சான்றோடும் எடுத்துரைக்கும் எழுத்து வகையாகும். வர்ணனைக் கட்டுரைக்குக் கூர்ந்த கண்ணும் தன்கதைக்குக் கற்பனையும் ஓரளவு போதும். இதற்கோ, எழுதிய ஒவ்வொரு வாக்கியமும் எவ்வழியாக அறியப்பட்டது என்ற வினாவுக்கு விடை வேண்டும். அவ்வினா இலக்கணத்தைச் சேர்ந்ததன்று. அறிவு பெறும் வழிகளை ஆராயும் அளவையியலைச் சேர்ந்தது.

மலேசியாவில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்கு 2002இல் வந்த திருத்தத்தின்படி 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயமானது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் கற்பிக்க விரும்பும் பெற்றோர் அதற்கு விலக்குப் பெற வேண்டும். அவ்வாறு ரவாங்கில் கற்பிக்கும் ஒரு சைவக் குடும்பத்தை எண்ணிப் பார்த்தால், பிள்ளையின் வாசகரும் அவனுக்குச் செய்தி சொன்னவரும் ஒருவரே, அதாவது தாயே, என்பது விளங்கும். பிள்ளை விட்ட இடத்தை அவர் தம் நினைவால் நிரப்பிக்கொள்வார். தாம் சொன்னதே தாளில் திரும்பி வரும்போது அதற்குச் சான்று கேட்கவும் மாட்டார். வீட்டுக் கல்வியில் விளக்க எழுத்து தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். சொல்வளக் குறையால் அன்று.

இதற்குரிய பயிற்சி சைவ சித்தாந்தத்துக்குள்ளேயே இருக்கிறது. திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞானபோதம் 12 நூற்பாக்களால் ஆனது. அவற்றின் பொருள் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் முறையில் விரிக்கப்படுகிறது. மேற்கோள் என்பது நிறுவ எடுத்துக்கொண்ட கருத்து. ஏது அதற்குரிய காரணம். முதல் நூற்பாவே, நூல் சொல்கிறது என்று தொடங்காமல், தோன்றி நின்று ஒடுங்கும் உலகைக் காட்டி, அதற்கு ஒரு கருத்தா உண்டென வாதிடுகிறது. சித்தாந்திகள் அறியும் வழிகளை, அதாவது அளவைகளை, மூன்றில் அடக்குவர்: பொறிகளால் அறியும் காட்சி, கண்டதிலிருந்து காணாததை உய்த்துணரும் கருதல், நம்பத்தக்கவர் சொல்லாகிய உரை.

பத்துமலைத் தைப்பூசத்தைப் பற்றி அப்பிள்ளை, "முருகன் அருளால் அலகு குத்தியவருக்கு வலிக்கவில்லை" என்று எழுதுவதாகக் கொள்வோம். ஒரே மூச்சில் வந்த இந்த வாக்கியத்தில் மூன்று அளவைகளும் கலந்து கிடக்கின்றன. கன்னத்தில் அலகு ஏறியபோது அவர் முகம் சுளிக்கவில்லை என்பது காட்சி; அதனால் அவருக்கு வலிக்கவில்லை என்பது கருதல், அதுவும் வலுக்குறைந்த கருதல், ஏனெனில் வலியைப் பொறுத்துக்கொள்பவரும் முகம் சுளிக்காதிருக்கலாம்; அது முருகன் அருள் என்பது உரை. வாக்கியத்தை மூன்றாகப் பிரித்து எழுதச் செய்தாலே பத்தி பிறந்துவிடும், முன்னுரை முடிவுரை விதிகளையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உரை என்பது சமயத்துக்கு மட்டும் உரியதென்று பிள்ளை எண்ணிவிடக் கூடாது. 1894இல் ரவாங் ஈயச் சுரங்கத்தில் சுரங்க முதலாளி லோக் யூவும், பத்துமலைக் கோயிலைத் தோற்றுவித்த தம்புசாமிப் பிள்ளையும் மின்னாக்கி அமைத்தனர் என்பதும் அவனுக்கு உரையால் வந்ததே. ஆயினும் அது பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டுத் திருத்தத்தக்க உரை. சைவ நூலாகிய ஆகமமோ சொல்லியவன் இறைவன் என்பதால் ஏற்கப்படுவது. பத்துமலைப் படிகள் 272 என்பதையோ அவன் ஏறும்போதே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

அருளைப் பற்றிய வாக்கியத்தை என்ன செய்வது என்பதே கடினமான வினா. அதை அடித்துவிடச் சொல்வது கட்டுரைக்காக நம்பிக்கையை மறைக்கச் செய்வதாகும். பொய்யான ஏது ஒன்றை ஒட்டவைப்பது அதைவிடத் தீது. "சைவர்கள் இவ்வாறு நம்புகின்றனர்" என்ற பாடநூல் நடை பிழையற்றதுதான், ஆனால் சைவப் பிள்ளையைத் தன் சமயத்துக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. "நாங்கள் இதை அருள் என்று கொள்கிறோம்" என்பது, உரையை உரையென்றே ஒப்புக்கொண்டும் உரிமையை விடாமலும் நிற்பதால், இவற்றுள் மிக நேர்மையானது. தமிழ் வாசிக்கத் தெரிந்த கிறித்தவரோ முஸ்லிமோ அயலில் இருந்தால், தாயைப்போல் விட்ட இடத்தை அவர் நிரப்பிக்கொள்ள மாட்டாராதலால், கட்டுரையை முதலில் அவரிடம் கொடுப்பது நன்று. மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாச்சாரியாரும் சிவஞான சித்தியாரில் தம் கொள்கையைக் கூறும் சுபக்கத்துக்கு முன்னர்ப் பிறர் கொள்கைகளை எடுத்துக்கூறி மறுக்கும் பரபக்கத்தையே வைத்தார்.