லயத்துக்குள்ளிருந்து ஒரு தலைவர்

ஊவாத் தோட்டங்களில் "தலைவர்" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவர் காலையில் பிரட்டுக்களத்தில் எல்லோரோடும் நின்று வேலைக்குப் போகிற ஒரு தொழிலாளி. கவாத்து வெட்டுகிறவராக இருக்கலாம், கொழுந்தெடுக்கும் பெண்ணாகவும் இருக்கலாம். சம்பளம் அந்த வேலைக்குத்தான். தலைவர் வேலைக்குக் கிடையாது. ஒருவருக்கு ஈபிஎப் காசு வந்து சேரவில்லை, இன்னொருவர் பிள்ளைக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இல்லை, வேறொருவருக்குக் காரணமில்லாமல் வேலை நிறுத்தப்பட்டது என்றால் இரவில் இவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். நமுனுகுல மலையடியில், கனவரல்லையிலிருந்து பசறைப் பக்கம் இறங்கும் தோட்டங்களில், மனித உரிமை என்று நாம் மேடையில் பேசுவது முதலில் வந்து நிற்கிற இடம் அந்தக் கதவு.

சம்பளமில்லாத இந்தத் தலைமை எப்படி உருவானது என்பதை நாம் போதிய அளவு யோசித்ததில்லை.

தோட்டம் என்பது அதை நடத்தும் துரையின் அனுமதியின்றி வெளியார் கால் வைக்க முடியாத இடமாக இருந்தது. வைத்தால் அத்துமீறல் வழக்கு. தொழிலாளரைத் திரட்ட வந்த கோ. நடேசய்யர் துணி வியாபாரியாக வேடம் போட்டுத் தோட்டங்களுக்குள் போய் வந்ததையும், அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் தாமே பாட்டுக் கட்டிப் பாடித் தொழிலாளரைத் திரட்டியதையும் மலையகம் இன்றும் பேசுகிறது. வெளியிலிருந்து வந்தவருக்கு வேடம் தேவைப்பட்டது. உள்ளே இருந்து பேசியவருக்கு வேடம் தேவைப்படவில்லை; ஆனால் அவர் பணயம் வைத்தது இன்னும் பெரிது. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டவை. வேலையை நிறுத்திப் பற்றுச்சீட்டுக் கொடுத்தால் வேலையோடு குடியிருக்கும் லயக்காம்பராவும் போகும். பெண்டாட்டி பிள்ளைகளோடு சாமான் சட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வர வேண்டும். அப்படி ரோட்டுக்கு வந்தவர்களைப் பார்த்துக்கொண்டே மறுநாளும் ஒருவர் பிரட்டுக்களத்தில் கையை உயர்த்தி, "ஐயா, இது நியாயமில்லைங்க" என்று சொன்னாரே, அவரிடமிருந்துதான் இந்தத் தலைமை வருகிறது.

1940ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சூட்டுக்குத் தொழிலாளி கோவிந்தன் பலியானார். அதன் பின் மலைநாட்டில் வேலைநிறுத்தங்கள் அலையாகப் பரவி ஊவாவுக்கு வந்தன. லங்கா சமசமாஜக் கட்சியின் எட்மண்ட் சமரக்கொடி, வில்லி ஜயதிலக, வி. சித்தம்பலம் ஆகியோர் இங்கே முன்னின்றார்கள். கூட்டம் கூடாதென்று நீதவான் தடை போட, மே 12ஆம் தேதி அதே கட்சியின் என். எம். பெரேரா பதுளையில் அந்தத் தடையை மீறிப் பெருங்கூட்டத்தில் பேசினார். இவர்களுடைய துணிவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் மனம் போய் நிற்பது, பதுளையை ஒட்டிய வெவஸ்ஸத் தோட்டத்தில்.

வெவஸ்ஸவில் தொழிலாளர்கள் தங்களுக்குள் தேர்தல் வைத்து ஒரு சபையைத் தெரிந்தெடுத்தார்கள். தோட்டத்துக் காரியங்களை அந்தச் சபையோடு கலந்து பேசியே செய்வதாகத் துரை ஒப்புக்கொண்டார். சட்டம் ஒழுங்கை நிலைநாட்ட ஆயுதத்தோடு வந்த பொலிஸாரிடமிருந்து தொழிலாளர் ஆயுதங்களைப் பறித்துவிட்டார்கள் என்பதும் அந்தக் கதையில் உண்டு. கேட்பவர்கள் அந்தப் பகுதியைத்தான் இரண்டாம் தடவை சொல்லச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரியது, தெரிந்தெடுத்தார்கள் என்ற அந்த ஒரு காரியம். கங்காணியை அவர்கள் தெரிந்தெடுத்ததில்லை. கணக்கப்பிள்ளையையும் துரையையும் தெரிந்தெடுத்ததில்லை. கப்பலேறி வந்த நாள் முதல் அவர்கள் மேல் அதிகாரம் செய்த ஒவ்வொருவரையும் வேறு யாரோ நியமித்தார்கள். வெவஸ்ஸவில் தங்களுக்காகப் பேசுகிறவர் யார் என்பதை லயத்து மக்களே முடிவு செய்தார்கள். எந்தச் சட்டமும் அதை அவர்களுக்குக் கொடுக்கவில்லை. பிறகு பொலிஸ் அடக்குமுறை வந்தது, ஊவாவை ஒரு வாரத்துக்கு மேல் வெளியுலகத்திலிருந்து துண்டித்த வெள்ளமும் அதோடு சேர்ந்து வந்தது, போராட்டம் முறிந்தது.

முறிந்தாலும் அது வீண் போகவில்லை என்று நான் நம்புவதற்குக் காரணம், அடுத்து நடந்தவை. 1947 பொதுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் ஆதரவு பெற்ற இலங்கை இந்திய காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்து தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் வாக்குச்சீட்டையும் பறித்தது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 975,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. அந்த 975,000 பேரில் ஒருவரிடமும் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் நிறைவேறியது 2003இல். 1948இலிருந்து எண்ணினால் 55 ஆண்டுகள்.

நாட்டில் வாக்கில்லாத அந்தக் காலத்திலும் லயத்தில் கமிட்டி இருந்தது. நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்ப உரிமையில்லாத மக்கள் தோட்டக் கமிட்டிக்கு ஆள் போட்டார்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் மண்ணெண்ணெய் விளக்கில் விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுத்தார். கடவுச்சீட்டு யாருக்கு வந்தது, பிரஜாவுரிமை யாருக்கு வந்தது, அண்ணன் போகத் தம்பி நிற்கிற குடும்பம் எது என்பதை அவர் தலைக்குள் வைத்திருந்தார். அரசாங்கம் இம்மக்களை எண்ணிக்கையாக வைத்திருந்தபோது, ஆள் ஆளாக அறிந்து வைத்திருந்தவர் இவர்தான்.

வெளியிலிருந்து துணை நின்றவர்களும் உண்டு. 1971 இளைஞர் கிளர்ச்சிக்குப் பின் கொழும்பில் பிறந்த சிவில் உரிமைகள் இயக்கம், 1972இல் கண்டியில் பாதிரியார் போல் காஸ்பஸ் தொடங்கிய சத்தியோதயம், அதே ஆண்டில் உருவான பதுளை மறைமாவட்டத்தின் முதல் ஆயராக வந்து எளியவர் பக்கம் நின்ற லியோ நாணாயக்கார என்று இவர்களை நன்றியோடு சொல்ல வேண்டும். இவர்களில் பலர் சிங்களவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்றைய நிலைமைக்கு வருகிறேன். இன்று சட்டம் நம் பக்கம் நிறையவே இருக்கிறது. அடிப்படை உரிமை மீறப்பட்டால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும், நீதிமன்றமோ கொழும்பில். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆணைக்குழுவுக்குப் பதுளையிலேயே அலுவலகம் உண்டு. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டப்படி எந்த அரசு அலுவலகத்திடமும் எழுத்தில் கேள்வி கேட்கலாம். பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இலேயே இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன; அங்கே தமிழில் பதில் கேட்பது உரிமை. தோட்டத்து ரோட்டுக்கும் தண்ணீருக்கும் பிரதேச சபை காசு செலவழிக்கத் தடையாக இருந்த சட்டப்பிரிவும் 2018இல் திருத்தப்பட்டுவிட்டது.

இவ்வளவும் இருந்து, நமுனுகுலையில் ஒரு கைம்பெண்ணுக்கு இவற்றில் எது எட்டுகிறது? அவளுடைய கடிதமே தோட்டத்து ஒபிஸ் வழியாகத்தான் வருகிறது. ஒரு மாதக் கெடுவைப் பற்றி அவளுக்குச் சொல்ல ஆள் வேண்டும். பசறை வழியாகப் பதுளைக்குப் பஸ் ஏறி, சிங்களத்தில் அச்சடித்த படிவத்தைத் திருப்பிக் கொடுத்து, தமிழ்ப் படிவம் தாருங்கள் என்று கேட்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது அந்த நாள் சம்பளக் கணக்கில் விழாது. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. கூடப் போனவர் அன்றைய நாட்சம்பளத்தை முழுதாக இழக்கிறார், பஸ் காசு வேறு. அலுவலர் இல்லை, நாளை வாருங்கள் என்றால் இரண்டு நாட்பேர். சட்டப்புத்தகத்துக்கும் லயத்துக்கும் நடுவே இருக்கிற தூரத்தை இத்தனை ஆண்டுகளாகக் கடந்து கொடுத்தது இந்த மனிதர்களுடைய சொந்தக் கூலி.

அந்தத் தூரம் கடக்கப்படாமல் போன ஒரு நாளும் உண்டு: 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை என்பது காகிதம். ஆளைக் கிளப்பி வேறிடத்தில் காணியும் வீடும் கொடுத்தால்தான் அது பாதுகாப்பு. தோட்ட நிர்வாகத்தையும் பிரதேச செயலகத்தையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, காணி எங்கே, எந்தத் தேதிக்குள் என்று கேட்கும் வலுவுள்ள ஒரு சபை அங்கே இருந்திருக்க வேண்டும். வெவஸ்ஸவில் 1940இல் துரை ஒப்புக்கொண்டது அப்படியொரு சபையைத்தான். 74 ஆண்டுகளுக்குப் பின் அது ஏன் இல்லை?

ஏனென்றால் நடுவில் நாம் ஒன்றை இழந்தோம். சங்கங்கள் பெருத்தன, சந்தா மாதாமாதம் சம்பளத்தில் கழிந்தது, பெரிய முடிவுகள் கொழும்பில் எழுதப்பட்டன. தோட்டத் தலைவர் பல இடங்களில் மேலிருந்து வரும் செய்தியைக் கீழே சொல்பவராகிப் போனார். அவரைப் போட்டதும் எடுத்ததும் மேலே உள்ளவர்கள். கொழுந்து மலையில் பெரும்பாலோர் பெண்களாக இருக்க, தலைமையில் ஆண்களே நிறைந்தார்கள். மீனாட்சியம்மாளுக்கு வாரிசாக எத்தனை பேரை வளர்த்தோம்? நல்ல தலைவர்கள் இல்லாமல் போகவில்லை. அவர்களைத் தெரிந்தெடுப்பதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை "எங்க விசயம் என்னாச்சு" என்று முகத்துக்கு நேரே கேட்பதும்தான் நின்றுபோயின. வாக்குரிமை திரும்பி வந்தது. அதற்கும் முன்னால் நம்மிடம் இருந்த அந்தப் பழக்கம் கை நழுவியது. நாடு கொடுத்த உரிமையை நாடு பறித்தது, பிறகு திருப்பித் தந்தது. லயத்து மக்கள் தாங்களே ஆக்கிக்கொண்ட உரிமையை யாரும் பறிக்கவில்லை, அதைக் கைவிட்டது நாம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். தோட்டத்தில் இருப்பவர்கள் சங்க வேறுபாடு பார்க்காமல் ஆண்டுக்கு ஒரு தடவை கூடி, கையை உயர்த்தி, பாதிப் பேர் பெண்களாக ஒரு கமிட்டியைப் போடுங்கள். அந்தக் கமிட்டியிலிருந்து ஒருவர் உங்கள் விசயமாகப் பதுளைக்குப் போகிற நாளில், அவருடைய நாட்பேரையும் பஸ் காசையும் லயம் லயமாகச் சேர்த்துக் கொடுங்கள். தோட்டத்தை விட்டு வெளியேறிப் படித்து, கொழும்பிலும் சென்னையிலும் டொராண்டோவிலும் இருக்கிறவர்கள், பிறந்த தோட்டத்துக் கமிட்டிக்கு மாதம் இரண்டு நாட்பேரை அனுப்புங்கள். சிங்களமும் சட்டமும் தெரிந்தவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் படிவம் நிரப்பக் கொடுங்கள். எழுதிக் கொடுத்ததற்குக் கணக்கு வையுங்கள், கமிட்டியிடமும் கணக்குக் கேளுங்கள்.